கழித்தல் குறி

நாற்பத்தியொரு பேர் சேர்ந்தோம்.
ஜனவரியில் ஒன்பது.
போனவர்களில் சிலர் போருக்கு,
சிலர் ரொட்டி வரிசைக்கு,
கோச்சா மட்டும் காதலுக்கு என்று சொல்லிவிட்டு
ருஸ்தவிக்கு.

கல்பதோனோ எலிசோ
(அப்படித்தான் அழைக்க வேண்டும், அம்மையார் என்பதுபோல)
நாற்பத்தியொரு பெயரையும் வாசிப்பார்.
இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும்
ஒரே அளவு இடைவெளி விடுவார்.
அதற்கே பத்து நிமிடம் போய்விடும்.

மின்காந்தவியல், வாரம் மூன்று வகுப்பு.
மின்சாரம், வாரம் இரண்டு மணி நேரம்,
அதுவும் நடுராத்திரி.

அவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்று
அன்றைக்கு எங்களைக் கேட்டிருந்தால்
கூசாமல் சொல்லியிருப்போம்:
பலகையோடுதான் பேசுவார்.
அவர் தோள் சமன்பாட்டை மறைக்கும்,
தோள் விலகுவதற்குள்
துணி அதைத் தின்றிருக்கும்.
சந்தேகம் கேட்டால் "பக்கம் எண்பத்திரண்டு."
நூலகத்துப் பிரதியில் எண்பத்திரண்டாம் பக்கம் இல்லை,
யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

என் கோட்டுப் பையில் ஒரு சுட்ட உருளைக்கிழங்கு இருக்கும்.
முதல் அரைமணி கைக்கு,
அடுத்த அரைமணி வாய்க்கு.

அன்று தூண்டல் விதி.
காந்தம், செம்பு வளையம், அம்புக்குறிகள்.
மூன்றாவது வரியில்
கழித்தல் குறியை விட்டுவிட்டார்.
எத்தேரி கண்டுபிடித்தாள்.
சொன்னது நுக்ஸார்:
"அது இல்லாமலே இருக்கட்டும், கல்பதோனோ.
காந்தத்தை ஒரு தள்ளு தள்ளினால் போதும்,
வளையமே அதை இழுத்துக்கொள்ளும்,
இழுக்க இழுக்க மின்சாரம் கூடும்,
திபிலிசி முழுக்க விளக்கு எரியும்.
எங்களுக்கும் குளிர் விடும்."

சிரித்தோம். வாயிலிருந்து புகை வந்தது.

அவர் திரும்பினார்.
அந்தப் பருவத்தில் முதல் முறையாக
அவர் முகத்தை நேராகப் பார்த்தோம்.
இடது கண்ணாடி வில்லையில் ஒரு விரிசல்
இருந்தது அன்றுதான் தெரியும்.
"எவ்வளவு நேரத்தில்?" என்றார்.
"என்ன எவ்வளவு நேரத்தில்?"
"குளிர் விடுவதற்கு. கணக்குப் போடு."

போட்டோம்.
அறையின் நீளத்தைக் காலடியால் அளந்தான் ஒருவன்.
காற்றின் எடை, செம்பின் தடை,
உள்ளே மைனஸ் இரண்டு,
வேண்டியது பதினெட்டு.
பேனா மை உறைந்திருந்ததால் பென்சில்.
அவர் மேசை மேசையாக வந்தார்,
தப்பு கண்ட இடத்தில்
கையுறையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த
ஒற்றை விரலை வைத்துவிட்டு நகர்ந்தார்.
பதினோரு நிமிடம் என்று வந்தது எனக்கு.
எத்தேரி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்,
உடைந்த இரண்டு சட்டங்களையும்
அட்டை அடைத்த ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.
பதினாலு.

"பதினாலு சரி," என்றார்.
"அதற்குப் பிறகும் அது நிற்காது.
இருபதாவது நிமிடத்தில் மேசை பற்றும்.
அதையும் யோசி, நுக்ஸார்."

மணி அடிக்கக் கரண்ட் இல்லாததால்
வகுப்பு எப்போது முடிந்தது என்று
யாருக்கும் தெரியாது.
உருளைக்கிழங்கைத் தின்ன மறந்திருந்தேன்.

பலகையை யாரும் அழிக்கவில்லை.
திங்கட்கிழமை வந்து பார்த்தால்
மூன்றாவது வரியில்
கழித்தல் குறி இருந்தது.
அவர் கோடு இவ்வளவு நீளமாக இருக்காது.

வருகை எடுத்தார்.
நுக்ஸாரின் பெயருக்கும்
அதே அளவு இடைவெளி.
டிராப்ஸான் சந்தையில் அவன்
ஆணி விற்கிறான் என்று
மார்ச்சில்தான் கேள்விப்பட்டோம்.

பிறகு கல்பதோனோ எலிசோ
பலகையின் பக்கம் திரும்பிப்
பேச ஆரம்பித்தார்.
வழக்கம்போல
ஒரு சொல்லும் எங்களுக்குக் கேட்கவில்லை.